ஊர்ப் பன்றியும் சீமைப் பன்றியும்

கொழும்பு மாநகரின் வடபுறத்திலே, களனி கங்கை கடலை நாடிச் செல்லும் வழியில், கிராண்ட்பாஸ் என்னும் பகுதி அமைந்திருக்கின்றது. பெருந்துறை என்பதே அப்பெயரின் பொருள். போர்த்துக்கேயர் இட்ட பெயர் அது. சிங்கள மக்கள் அதனைத் தொட்டலங்க என்பர். துறையருகு என்பது அதன் பொருள். இரு மொழியாரும் ஒரே செய்தியைத்தான் சொல்லி வைத்திருக்கின்றனர். ஆற்றைக் கடக்க வேண்டியவர் இங்கே வந்து ஓடம் ஏறினர். 1822ஆம் ஆண்டில் படகுகளை வரிசையாகப் பிணைத்து, அவற்றின்மேல் பலகை பரப்பி, ஒரு பாலம் அமைத்தார்கள். 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும் வரையில், ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம், கண்டிக்கும் நீர்கொழும்புக்கும் போவோர் அந்தப் படகுப் பாலத்தின் மீதே நடந்தனர். கங்கையின் வெள்ள மட்டத்தை அளக்கும் அளவுகோல் நாகலகம் வீதியில் நின்று, துறையின் பழைய நினைவை இன்றும் காத்து வருகின்றது.

துறை என்றால் சரக்கு உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் களனி கங்கையிலிருந்து வடக்கே நீர்கொழும்பை நோக்கிச் செல்கின்றது. தென்னை செழித்த அந்தக் கரையோரப் பகுதியின் விளைபொருள்கள், தட்டையான அடியுடைய கூரைப் படகுகளில் ஏறி, அக்கால்வாய் வழியாகக் கொழும்பை அடைந்தன. கொப்பரா வந்தது, எண்ணெய் வந்தது, தும்பு வந்தது. கொழும்பின் வடபகுதியில் எண்ணெய் ஆலைகள் தோன்றின. 1938ஆம் ஆண்டில் இலங்கையிலே தொடங்கப்பெற்ற லீவர் சகோதரர் நிறுவனத்தின் சவர்க்காரத் தொழிற்சாலை நெடுங்காலம் கிராண்ட்பாஸ் வீதியிலேயே இருந்தது. தேங்காய் எண்ணெய்க்கு இவ்வளவு மதிப்பு இருந்த இடத்தில், எண்ணெயைப் பிழிந்தெடுத்த பின் எஞ்சிய பொருளுக்கும் ஏதேனும் ஒரு மதிப்பு இருந்தே தீரவேண்டும். அந்த எஞ்சிய பொருளே புண்ணாக்கு. அதை உண்டு வளர்ந்த ஒரு விலங்கின் வயிற்றைப் பற்றியும், அந்த வயிற்றை அளக்க முயன்ற மனிதரைப் பற்றியும் இன்று பேச விரும்புகின்றேன்.

நேயர்களுட் பலர் பன்றியிறைச்சியை உண்ணாதவர் என்பதை அறிவேன். கிராண்ட்பாஸிலேயே பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவர் விரும்பி உண்பதை மற்றவர் விலக்குவதும் அங்கு இயல்பு. ஆயினும் இந்தக் கதை இறைச்சியைப் பற்றியது அன்று. உணவில் உள்ள புரதம் உடலுக்குள் எவ்வளவு சேர்கின்றது என்னும் கேள்வியைப் பற்றியது. அந்தக் கேள்வி இறுதியில் நம் எல்லோருடைய உணவுத் தட்டையும் வந்து தொடும்.

களனி கங்கையின் வடகரை முதற்கொண்டு வத்தளை, இராகமை, நீர்கொழும்பு, சிலாபம் வரையில் நீண்டு கிடக்கும் கரையோரமே இலங்கையிற் பன்றி வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. கத்தோலிக்க மக்கள் பெருவாரியாக வாழும் பகுதி அது. நத்தாருக்கு முன் அங்கே பன்றி விலை ஏறும். முன்னாளில் வீட்டுக்கொல்லையில் நின்றது ஊர்ப் பன்றி. கரிய நிறம், நீண்ட மூஞ்சி, முரட்டு மயிர், சிறிய உடல். வீட்டுக் கழிவையும் தவிட்டையும் புண்ணாக்கையும் தின்று, எஞ்சிய நேரத்தில் மண்ணைக் கிண்டி வேரும் புழுவும் தேடி, ஓராண்டு கழிந்தாலும் மெல்லவே பருத்தது. பின்னர் இங்கிலாந்தின் பெரிய வெள்ளை இனமும், டென்மார்க்கில் உருவான லாண்ட்ரேஸ் இனமும் அரசாங்கப் பண்ணைகளின் வழியாக வந்தன. வெள்ளை நிறமும் நீண்ட முதுகும் உடைய இவை ஆறே மாதத்தில் நூறு கிலோகிராம் அளவிற்கு வளரக்கூடியவை. ஊர் மக்கள் இவற்றைச் சீமைப் பன்றி என்றனர்.

சீமைப் பன்றி தனியே வரவில்லை. அதனோடு கூடவே ஒரு புத்தகமும் வந்தது. இன்ன தீவனத்தில் இவ்வளவு புரதம், அதிற் சமிபாடு அடைவது இவ்வளவு என்று நிரல் நிரலாக எண்கள் அடங்கிய தீவன அட்டவணை அது. அந்த எண்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், அங்குள்ள பன்றிகளைக் கொண்டு, அங்கு கிடைத்த தீவனங்களைக் கொண்டு, பெற்றவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கைப் புண்ணாக்கும் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது; அந்நாட்டுக் கால்நடைகள் அதைத் தின்றன. இங்கிருந்து புண்ணாக்குப் போயிற்று. அங்கிருந்து அதன் மதிப்பெண் திரும்பி வந்தது. அந்த மதிப்பெண் நம் கொல்லையில் நின்ற கரும்பன்றிக்குப் பொருந்துமா? இதுவே கேள்வி. சிறிய கேள்வி போலத் தோன்றினும், ஏழை வளர்ப்போன் ஒருவன் வாங்கும் ஒவ்வொரு மூட்டைத் தீவனத்தின் பயனும் இதனைப் பொறுத்தே நின்றது.

அந்த மதிப்பெண் பிறந்த கதையை முதலிற் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தீவனத்தின் மதிப்பை அளக்க ஐரோப்பியர் அறிந்த முறை, அதனை வைக்கோலோடு ஒப்பிடுவது ஒன்றே. 1860களில் ஜேர்மனியில் கெட்டிங்கன் நகரை அடுத்த வேண்டே என்னும் ஊரில், ஹென்னபேர்க், ஷ்டோமான் என்னும் இருவர் தீவனத்தை இரசாயன முறையிற் பகுத்தனர். நீர், சாம்பல், கொழுப்பு, நார், நைதரசன் உள்ள பொருள், எஞ்சியது என்று கூறுபோட்டனர். 1883ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகனில் யொஹான் கெல்டால் என்பவர் நைதரசனை எளிதில் அளக்கும் வழியைக் கண்டார். அவர் பணியாற்றியது கார்ல்ஸ்பேர்க் என்னும் பியர் வடிசாலையின் ஆய்வுகூடத்தில். வாற்கோதுமையில் எவ்வளவு புரதம் உண்டு என்று அறிவது வடிசாலைக்கு அவசியமாயிருந்தது. பியருக்காகப் பிறந்த அம்முறையே இன்றளவும் உலகெங்கும் பன்றித் தீவனத்தை அளக்கின்றது.

கெல்டால் அளந்தது புரதத்தை அன்று, நைதரசனை. புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைதரசன் உண்டு என்று கொண்டு, கிடைத்த எண்ணை 6.25ஆற் பெருக்கினர். பெருக்கி வந்ததைக் கச்சாப் புரதம் என்றனர். பெயரே உண்மையைச் சொல்லிவிடுகின்றது. நைதரசன் எதிலிருந்து வந்தாலும் இக்கணக்கில் அது புரதமே.

இலங்கையிலும் இப்பணி நடந்தது. பேராதனையில் விவசாயப் பகுதியின் இரசாயன அறிஞர்களான ஏ. டபிள்யூ. ஆர். ஜோவாக்கிமும் எஸ். கந்தையாவும் 1930களிலும் 1940ஐ ஒட்டியும் நம் நாட்டு உணவுப் பொருள்களைப் பகுத்து, அம்முடிவுகளை ‘டிரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்’ என்னும் ஏட்டில் வெளியிட்டனர். நம் மண்ணில் விளைந்ததை நம் மண்ணிலேயே அளந்த பணி என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் பகுப்பாய்வு தீவனத்திலே என்ன இருக்கின்றது என்று சொல்லுமேயன்றி, வயிறு அதில் எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லாது. தோற்பட்டையை அரைத்துக் கெல்டாலின் குடுவையில் இட்டாலும் நிறையப் புரதம் காட்டும்!

வயிற்றைக் கேட்பதற்கு ஒரு பழைய வழி இருந்தது. விலங்கை ஒரு கூட்டில் நிறுத்தி, தின்றதை நிறுத்து, சாணத்தை நிறுத்து, இரண்டிலும் உள்ள நைதரசனை அளந்து கழித்துப் பார்ப்பது அது. உள்ளே போனது நூறு, வெளியே வந்தது இருபது என்றால், சமிபாடு எண்பது. 1918ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த எடின் என்பவர், குரோமிய ஒட்சைட்டு என்னும் பச்சைப் பொடியைச் சிறிதளவு தீவனத்திற் கலந்து, சாணத்தில் அது எவ்வளவு செறிந்திருக்கின்றது என்பதைக் கொண்டே சமிபாட்டைக் கணிக்கலாம் என்று காட்டினார். குடல் அப்பொடியைச் சிறிதும் உறிஞ்சுவதில்லை, போனபடியே வெளிவரும். சாணம் முழுவதையும் சேகரிக்க வேண்டிய தொல்லை இதனால் நீங்கியது.

இனி, இனங்களுக்கு வருவோம். பன்றியின் இனத்திற்கு இனம் குடல் வேறுபடும் என்பது புதிய கருத்து அன்று. 1868ஆம் ஆண்டில், வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் அடையும் மாறுதல்களைப் பற்றி டார்வின் எழுதிய பெருநூலில், பிரெஞ்சு அறிஞர் குவியேயின் அளவுகள் எடுத்துக் காட்டப்பெற்றுள்ளன. காட்டுப் பன்றியின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல் ஒன்பது மடங்கு. ஐரோப்பிய வீட்டுப் பன்றியில் பதின்மூன்றரை மடங்கு. சீயம் நாட்டு இனத்திற் பதினாறு மடங்கு. மனிதன் இட்ட உணவின் மாற்றமே குடலை நீட்டியது என்று டார்வின் கருதினார். நீண்ட குடல் நன்கு சமிக்கும் என்று எண்ணுவது அதன் அடுத்த படி. ஆசியப் பன்றி எதையும் சமித்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வாறு ஓர் அறிவியற் சாயலும் கிடைத்தது.

இங்கே ஒரு செய்தியை இடையிற் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. சீமைப் பன்றி என்று நாம் அழைக்கும் அவ்வினம் முழுச் சீமையைச் சேர்ந்தது அன்று. 18ஆம் நூற்றாண்டிலும் அதனை அடுத்தும் ஆங்கிலேயர் சீனத்துப் பன்றிகளைக் கப்பலிற் கொண்டுபோய்த் தம் பன்றிகளோடு கலந்தனர். விரைவிற் கொழுக்கும் இயல்பும், பல குட்டி ஈனும் இயல்பும் அக்கலப்பினால் வந்தவை. அண்மைக்கால மரபணு ஆராய்ச்சிகள் பெரிய வெள்ளை இனத்தின் மரபுப் பொருளில் ஆசியாவின் பங்கு கணிசமானது என்று காட்டியுள்ளன. டென்மார்க்கு மக்களோ தம் நாட்டுப் பன்றியைப் பெரிய வெள்ளையோடு இணைத்து, 1907ஆம் ஆண்டு முதல் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே தீவனம் கொடுத்துச் சோதனை நிலையங்களில் வளர்த்து, தாய்தந்தையரைத் தரம் பிரித்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது நல்ல குடலை அன்று; குறைந்த தீவனத்தில் மிகுந்த தசை வைக்கும் உடலை. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

ஊர் இனங்களையும் மேல்நாட்டு இனங்களையும் அருகருகே நிறுத்தி ஒரே தீவனம் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பல நாடுகளில் நடந்தன. சிம்பாப்வேயின் முகோட்டா என்னும் கரும்பன்றியைப் பெரிய வெள்ளையோடு ஒப்பிட்டு, சோளப் பொத்தியின் சக்கையைப் படிப்படியாகக் கூட்டிய தீவனத்தைக் கொடுத்தார்கள். 2002ஆம் ஆண்டில் வெளியான அம்முடிவின்படி நாரைச் சமிப்பதில் முகோட்டா முந்தியது. வியட்நாமின் மொங் காய் குட்டிகளை யோக்சயர், லாண்ட்ரேஸ் கலப்புக் குட்டிகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கும் ஊர் இனமே நாரையும் புரதத்தையும் சற்றுக் கூடுதலாகச் சமித்ததாகச் சாணத்தின் கணக்குக் காட்டிற்று. இதற்கு மாறான சாட்சியும் உண்டு. சீனத்து மெய்ஷான் இனத்தை அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மேல்நாட்டுக் கலப்பினத்தோடு ஒப்பிட்டு 2004ஆம் ஆண்டில் எழுதியவர்கள், நார் மிகுந்த தீவனத்தைப் பயன்கொள்வதில் மெய்ஷானுக்குத் தனிச் சிறப்பு எதனையும் காணவில்லை. எல்லா ஊர் இனமும் ஒன்றல்ல; எல்லா நாரும் ஒன்றல்ல.

நார் ஒருபுறம் இருக்கட்டும். புரதத்தைப் பற்றிச் சாணத்தின் கணக்குச் சொன்னதை நம்பலாமா? இங்கேதான் இவ்வரலாற்றின் திருப்பம் வருகின்றது.

பன்றியின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து குருதியிற் கலக்கின்றது. சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாண்டி எஞ்சியது பெருங்குடலை அடைகின்றது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. எஞ்சிய நாரையும் புரதத்தையும் அவை புளிக்கச் செய்து பிரித்துவிடுகின்றன. நாரிலிருந்து பிறக்கும் அமிலங்கள் பன்றிக்குச் சக்தியாகப் பயன்படும். புரதத்திலிருந்து பிறப்பதோ பெரும்பாலும் அமோனியா. 1973ஆம் ஆண்டில் போலந்து நாட்டு யப்லொன்னாவில் செப்ரொவ்ஸ்கா என்னும் பெண் அறிஞர், புரதத்தை வாய்வழியே கொடாது நேரே பெருங்குடலிற் செலுத்திப் பார்த்தார். நைதரசன் மறைந்தது, சாணத்தில் வரவில்லை. ஆனால் உடலிலும் தங்கவில்லை, சிறுநீரில் வெளியேறிவிட்டது. சாணத்தை மட்டும் அளந்தவன் சமிபாடு அடைந்தது என்று எழுதியதெல்லாம் உண்மையில் வீணாய்ப் போயிருக்கின்றது!

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகின்றேன். இரு பன்றிகள் நூறு கிராம் புரதம் தின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சிறுகுடல் எடுத்துக்கொண்டது எழுபது கிராம். எஞ்சிய முப்பதில், சீமைப் பன்றியின் பெருங்குடல் நுண்ணுயிர்கள் பத்தைச் சிதைத்தன. ஊர்ப் பன்றியில், பெருங்குடல் பெருத்து நுண்ணுயிர் செறிந்திருப்பதால், பதினைந்தைச் சிதைத்தன. சாணத்தின் கணக்கில் ஒன்று எண்பது, மற்றது எண்பத்தைந்து. ஊர்ப் பன்றி வென்றது என்று நாம் எழுதுவோம். தசைக்குச் சென்றதோ இரண்டிலும் அதே எழுபது.

ஆகவே, சிறுகுடலின் முடிவிலேயே அளக்க வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. குடலின் அவ்விடத்திற் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி, வருவதைச் சேகரித்து, அமினோ அமிலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கும் முறை 1970களிலும் 1980களிலும் பரவியது. ஒல்லாந்து, பிரான்ஸ், கனடா முதலிய நாடுகளின் ஆய்வாளர் அதனைச் செம்மைப்படுத்தினர். இன்றைய நல்ல தீவன அட்டவணைகள் யாவும் இந்தக் கணக்கையே தருகின்றன.

இம்முறையிலும் இனங்களை ஒப்பிடுவோர் வழுக்கி விழும் குழிகள் உண்டு. குடல் தானே சுரக்கும் நொதிகளிலும், தேய்ந்து உதிரும் உயிரணுக்களிலும் புரதம் உண்டு. தீவனத்திலிருந்து வராத இப்புரதமும் அளவையிற் கலந்துவிடும். குறைவாகத் தின்னும் பன்றியில், தின்ற ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இந்தச் சொந்த இழப்புக் கூடுதலாக விழும். சிறிய ஊர்ப் பன்றி குறைவாகத் தின்னும். அதனாலேயே அது மோசமாகச் சமிப்பது போலத் தோன்றக் கூடும். புரதமே இல்லாத தீவனம் கொடுத்து இவ்விழப்பைத் தனியே அளந்து கழித்த பின்னரே நியாயமான எண் கிடைக்கும். இன்னொரு குழி வயது. முப்பது கிலோகிராம் ஊர்ப் பன்றியும் முப்பது கிலோகிராம் சீமைப் பன்றியும் எடையில் ஒன்றாயினும், முன்னது பின்னதைவிட மாதக்கணக்கில் மூத்தது. மூத்த குடல் நன்கு சமிக்கும். வயதை ஒப்பாக்கினால் எடை ஒவ்வாது. எடையை ஒப்பாக்கினால் வயது ஒவ்வாது. சில ஒப்பீடுகளில் இனத்தின் பேரில் எழுதப்பட்ட வெற்றி வயதின் வெற்றியாகவே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இவற்றையெல்லாம் நீக்கிப் பார்க்கும்போது, நல்ல புரதத்தைச் சிறுகுடலிற் சமிப்பதில் இனத்திற்கும் இனத்திற்கும் உள்ள தூரம், ஒரு தீவனத்திற்கும் மற்றொரு தீவனத்திற்கும் உள்ள தூரத்தைவிடச் சிறியது என்பது புலப்படும். அப்படியாயின், ஊர்ப் பன்றி ஏன் மெல்ல வளர்கின்றது? சமித்ததை அது வேறு விதமாகச் செலவிடுகின்றது. ஸ்பெயின் நாட்டின் ஐபீரியப் பன்றி இதற்கு நல்ல சான்று. கிரனாடாவில் ஆராய்ந்தவர்கள், வளரும் ஐபீரியப் பன்றி நாளொன்றுக்கு ஏறக்குறைய 74 கிராம் புரதத்திற்கு மேல் தன் உடலிற் சேர்க்க இயலாது என்று 2002ஆம் ஆண்டில் எழுதினர். இன்றைய மேல்நாட்டுத் தசைப் பன்றி அதைப்போல் இருமடங்கு சேர்க்கும். ஐபீரியப் பன்றிக்குக் கூடுதலான புரதம் கொடுத்தாற் பயன் இல்லை; அது சிறுநீரிற் கழியும், எஞ்சிய சக்தி கொழுப்பாகும். ஆகவே தீவனத்தின் மதிப்பெண் இரு பன்றிக்கும் ஏறக்குறைய ஒன்று. அவற்றின் தேவை வேறு. சீமை அட்டவணையில் தீவனத்தின் நிரலை நாம் எடுத்தாளலாம். தேவையின் நிரலைக் கண்மூடி எடுத்தால் ஊர்ப் பன்றி வளர்ப்போன் நட்டப்படுவான். பல்லாண்டுகள் நாம் அஞ்சியது முதல் நிரலுக்கு. அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு.

இதை இலங்கைத் தீவனங்களுக்குப் பொருத்திக் காட்டும் பணியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற்குப் பங்கு உண்டு. ஏ. எஸ். பி. இராஜகுரு, வே. இரவீந்திரன் முதலியோர் நம் நாட்டுத் தீவனப் பொருள்களின் ஊட்ட இயல்புகளைத் தொகுத்து 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ரப்பர் விதைப் புண்ணாக்கு, மரவள்ளி இலை போன்று பிறநாட்டு அட்டவணைகள் கைவிட்ட பொருள்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். இரவீந்திரன் பின்னர் நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, கோழித் தீவனத்தின் அமினோ அமிலச் சமிபாட்டில் உலகறிந்த அறிஞரானார்.

தேங்காய்ப் புண்ணாக்கு இக்கணக்கில் எங்கே நிற்கின்றது? நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு கச்சாப் புரதம் அதில் உண்டு. எண்ணைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாறுவோம். அமினோ அமிலங்களுள் பன்றிக்கு முதலிற் பற்றாக்குறையாவது லைசின். தேங்காயின் புரதத்தில் லைசின், வளரும் குட்டிக்கு வேண்டிய விகிதத்திற் பாதிக்கும் குறைவு. உள்ள லைசினும் முழுவதும் கிட்டாது. சோயாப் புண்ணாக்கின் லைசினில் நூற்றுக்குத் தொண்ணூறளவு சிறுகுடலிற் சமிபாடு அடையும்போது, தேங்காய்ப் புண்ணாக்கில் அது அறுபதை ஒட்டியே நிற்கும். கருகிய சரக்கில் அதனினும் தாழும். நாரும் மிகுதி. 1971ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலே கிரெஸ்வெல், புரூக்ஸ் என்னும் இருவர் தேங்காய்ப் புண்ணாக்கையும் எண்ணெயையும் பன்றிக்கு அளித்து ஆராய்ந்தனர். தென்னை நாடுகளிலிருந்து இவ்வகை ஆராய்ச்சி மேலும் பெருகியிருக்க வேண்டும்; ஐரோப்பாவுக்குத் தேங்காய் ஒரு வரவுச் சரக்கு, நமக்கோ அது கொல்லைப் பொருள்.

இந்தக் கதைக்கு இப்பொழுது ஓர் அவசரம் நேர்ந்திருக்கின்றது. கொழும்பு நகரின் உணவு விடுதிகளிலும் கலியாண மண்டபங்களிலும் எஞ்சிய சோறும் கறியும் பீப்பாய்களில் ஏறி வடபுறத்துப் பன்றிப் பட்டிகளுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். ஏழை வளர்ப்போனுக்கு அது மலிவான தீவனம். நகருக்கும் குப்பை குறைந்தது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. மனிதரைத் தொற்றாத நோய் அது; பன்றிக்கோ மருந்தில்லாத கூற்று. மேல் மாகாணத்திலே தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பரவிப் பட்டிகளை வெறுமையாக்கிற்று. நோயுற்ற இறைச்சியின் துண்டு கலந்த, கொதிக்க வைக்காத கழிவுச் சோறு இந்நோயைக் கடத்தும் வழிகளுள் ஒன்று என்பது உலகம் கண்ட பாடம். பீப்பாய்ச் சோற்றை விடுத்தவன் மூட்டைத் தீவனத்திற்கு வரவேண்டும். சோளமும் சோயாவும் பெருமளவில் வெளிநாட்டுப் பணம் கேட்பவை. அப்பொழுது கண் திரும்புவது தவிட்டின் மீதும் புண்ணாக்கின் மீதுமே. பட்டியை மீண்டும் நிரப்ப நினைப்பவன், எந்த இனத்தை வாங்குவது, அதற்கு எவ்வளவு புரதம் கொடுப்பது என்னும் இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட வேண்டியவனாகின்றான்.

நம் உணவுத் தட்டைத் தொடும் என்று முன்னே சொன்னதை மறக்கவில்லை. மனிதனுடைய உணவிலுள்ள புரதத்தின் தரத்தை அளக்க, சிறுகுடல் முடிவில் ஒவ்வோர் அமினோ அமிலமும் எவ்வளவு சமிபாடு அடைந்தது என்பதையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று பரிந்துரைத்தது. மனிதரிடத்தில் அதனை அளத்தல் அரிது. அது இயலாதவிடத்து வளரும் பன்றியை அளவையாகக் கொள்க. அதுவும் இயலாதவிடத்து எலியைக் கொள்க என்பது அவ்வறிக்கையின் வரிசை. பருப்பையும் சோற்றையும் ஒன்றாக உண்ணும்போது பருப்பின் லைசின் சோற்றின் குறையை நிரப்புகின்றது என்று நாம் அறிந்ததை எண்ணால் நிறுவுவதற்கும், பன்றியின் குடலிற் பொருத்திய குழாயே துணை நிற்கின்றது. பன்றியை உண்ணாதவனுடைய பருப்புக்கும் அதுவே துலாக்கோல்.

புண்ணாக்கைப் பற்றி இன்னும் ஒன்று. மரச்செக்கில் மாடு சுற்றிப் பிழிந்த புண்ணாக்கில் எண்ணெய் மிகுதியாக எஞ்சும், சூடு குறைவு. இயந்திரம் அழுத்திப் பிழிந்ததில் எண்ணெய் குறையும், சூடு மிகும். சூடு அளவைக் கடந்தால் லைசின் சர்க்கரைப் பொருள்களோடு பிணைந்து, பன்றியின் நொதிகளுக்கு எட்டாத பொருளாகிவிடும். கெல்டாலின் குடுவை இதைக் கண்டுகொள்ளாது; நைதரசன் போகவில்லை, ஆகவே கச்சாப் புரதம் குறையாது. ஆனால் நிறம் மாறும். வெளிர் பழுப்பு கரும்பழுப்பாகும், தேங்காய் மணம் போய்க் கருகல் மணம் எழும். மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்து விரலாற் பொடித்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, கரியதைத் தள்ளி வெளிரியதை வாங்குகின்றவன், குழாயும் குடுவையும் இன்றியே சிறுகுடலின் முடிவைப் பார்த்துவிடுகின்றான்.